எழுகடல் தெருக்காரியிடம் கேளுங்கள்

கடலடிச் சேற்றைக் கழுவிப் பிழைத்தவள் நான் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மூட்டுவலி, மாடித்தோட்டம், மாமியார் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

*

மதுரையில் கடல் கிடையாது. தெப்பக்குளத்தையே பல வருஷம் கிரிக்கெட் மைதானமாகப் பார்த்தவர்கள் நாம். நீங்கள் எப்படிக் கடல் ஆராய்ச்சிக்குப் போனீர்கள்?
— ஒரு வாசகி, செல்லூர்

கடல் கிடையாது என்று யார் சொன்னது? புதுமண்டபத்துக்குப் பின்னால் எழுகடல் தெரு இருக்கிறதே. நான் பிறந்தது அங்கேதான். மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை வந்ததாம். இந்த வயதில் அவ்வளவு தூரம் எதற்கு என்று சொக்கநாதர் ஏழு கடலையும் ஒரு குளத்துக்குள் வரவழைத்தாராம். ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்பேன்: "அப்ப அந்தக் கடலெல்லாம் இப்ப எங்க?" ஆச்சியிடம் பதில் இல்லை. கல்லூரியில் புவியியலுக்குப் பதில் புவியமைப்பியல் எடுத்தேன். அப்புறம் மேற்குக் கடற்கரையில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. 31 வருஷம் அங்கே நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்தபடி கழுத்துவலி சம்பாதித்தேன். கப்பலில் போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வாந்தி.

*

கடலடியில் கிடைக்கும் நுண்ணிய ஓடுகளை வைத்துப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்ல முடியும் என்கிறார்கள். ஓட்டுக்குள் அது எப்படிப் பதிந்திருக்கும்?
— ஒரு கல்லூரி மாணவி, திருமங்கலம்

நாயக்கர் மகாலுக்குப் போனால் தூணின் சுதைப்பூச்சைத் தொட்டுப் பாரம்மா. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு என்று சொல்வார்கள். கிளிஞ்சல் என்பது ஒரு கடல் உயிர் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துத் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு. அதே கொத்துவேலையை ஒரே ஒரு செல் உள்ள உயிரும் செய்கிறது. அதன் பெயர் ஃபோராமினிஃபெரா. நாங்கள் செல்லமாக ஃபோராம் என்போம். பெரும்பாலானவை ரவைக் குருணையைவிடச் சிறியவை. சில வகை கடலின் மேல்பரப்பில் மிதந்து வாழும், சில வகை அடித்தரையில் வாழும். ஓர் அறை கட்டும், வளர்ந்ததும் பக்கத்தில் இன்னோர் அறை, அப்புறம் இன்னொன்று. குளோபிஜெரினா என்றொரு குடும்பம், நாலைந்து பொரியைச் சேர்த்து ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

மிதக்கும் வகை சில வாரம்தான் வாழும். செத்தால் ஓடு கீழே இறங்கும். இரவு பகலாக, வருஷம் முழுக்க, கடலுக்குள் இந்த ஓட்டு மழை பெய்துகொண்டே இருக்கிறது. நடுக்கடலில் இப்படிச் சேரும் படிவு ஆயிரம் வருஷத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் உயரும். கணக்குப் போட்டுப் பார்: ஆயிரம் வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் என்றால் 10 மீட்டர் சேற்றில் 5 லட்சம் வருஷம் அடுக்கிவைத்திருக்கிறது.

அந்த அடுக்கைக் கலைக்காமல் எடுக்க வேண்டும். கப்பலிலிருந்து கனமான எடை கட்டிய நீளக் குழாயை இறக்கித் தரையில் குத்தி, உள்ளே பிடிபட்ட சேற்றுத்தூணோடு மேலே இழுப்பார்கள். அந்தத் தூணுக்குக் கோர் என்று பெயர். தமிழில் உள்ளகம் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் கப்பலில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வாழைத்தண்டைப் பிளக்கிற மாதிரி நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. மறுபாதியைத் தொடாமல் குளிர் அறையில் வைத்துவிடுவார்கள், பிற்காலத்தில் வருகிறவர்களுக்காக. சர்வதேசத் துளையிடும் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் எடுத்த கோர்கள் கோச்சியில் இருக்கின்றன. நம் பக்கத்துக் கொச்சி இல்லை, ஜப்பானில் உள்ள கோச்சி. அந்தப் பெயரை முதல் தடவை கேட்டபோது எர்ணாகுளத்துக்கு ரயில் பிடித்தால் போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் என் வேலை. கையளவு சேற்றை ஊறவைத்து, 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் போட்டு, மெல்லிய நீர்த்தாரையில் கழுவ வேண்டும். களிமண் ஓடிவிடும். அடியில் ஒரு கரண்டி வெள்ளை மணல் தங்கும். அடுப்பில் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அது மணலே இல்லை, அத்தனையும் ஓடு. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடக்கூடப் போகவில்லை. எங்கள் அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவார். நானும் அதையே செய்தேன். என் முறம் கறுப்புத் தட்டு, என் விரல் ஒற்றை மயிர் போன்ற தூரிகை. அதன் நுனியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்துகிற கெட்ட பழக்கம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. ஈர நுனியில் ஓடு ஒட்டிக்கொள்ளும். எடுத்து, 60 கட்டம் போட்ட அட்டையில் வகை வகையாக வைப்போம். ஒரு மாதிரிக்கு 300 ஓடாவது எண்ண வேண்டும்.

எந்த வகை எத்தனை என்பதே ஒரு செய்தி. குளிர்நீரில் வாழும் வகை கூடினால் அப்போது கடல் குளிர்ந்திருந்தது என்று கொள்ளலாம். வடகடலில் ஒரு வகை இருக்கிறது. கடுங்குளிரில் இருப்பது இடப்பக்கம் சுருண்டிருக்கும், கொஞ்சம் இதமான நீரில் உள்ள அதன் பங்காளி வலப்பக்கம். வலம்புரியா இடம்புரியா என்று பார்த்தே கடலின் குளிரைச் சொன்ன காலம் உண்டு.

ஆனால் நீ கேட்டது ஓட்டுக்குள் பதிந்திருப்பதைப் பற்றி. அதற்குக் களத்துமேட்டுக்கு வர வேண்டும். காற்றில் நெல்லைத் தூற்றினால் பதர் தள்ளிப் போகும், மணி காலடியில் விழும். ஆக்சிஜனிலும் கனமானதும் லேசானதும் உண்டு. ஏறக்குறைய 500 அணுவுக்கு ஒன்று எடை 18 உள்ளது, மற்றதெல்லாம் பெரும்பாலும் எடை 16. கடல்நீர் ஆவியாகும்போது லேசான 16 உள்ள நீர் கொஞ்சம் எளிதாகக் கிளம்பும். சாதாரணக் காலத்தில் அது மழையாகி, ஆறாகித் திரும்பக் கடலுக்கே வந்துவிடும், கணக்கு நேராகிவிடும். பனியுகத்தில் அது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிமலையாகக் குந்திக்கொண்டது. திரும்பவில்லை. கடலில் கனமான 18-இன் பங்கு கூடியது. ஃபோராம் தனக்கு எட்டிய தண்ணீரில்தான் வீடு கட்டும். ஆகவே ஓட்டிலும் 18 கூடும். போதாததற்கு, தண்ணீர் குளிரக் குளிர ஓடு 18-ஐ இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சேர்த்துக்கொள்ளும். பொறுக்கிய ஓட்டை அமிலத்தில் கரைத்து, வருகிற வாயுவை நிறை நிறமாலைமானி என்கிற, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் எந்திரத்துக்குள் விட்டால் இந்த விகிதம் கிடைக்கும். இது நடக்கும் என்று 1947-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரி வழிகாட்டினார். அவருடைய மாணவர் வட்டத்திலிருந்து வந்த செசாரே எமிலியானி 1955-இல் ஆழ்கடல் கோர்களில் அதைச் செய்து காட்டினார்.

*

கடல் குளிர்ந்தாலும் ஓட்டில் 18 கூடும், பனி பெருகினாலும் கூடும் என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். பிறகு எது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? இதெல்லாம் கெட்டிக்கார ஊகம்தானே?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர்

ஐயா, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்தத் துறையே சிக்கிக்கொண்டிருந்த இடம் அது. எமிலியானி, மாற்றத்தில் பெரும்பங்கு வெப்பநிலையால் வந்தது என்று எடுத்துக்கொண்டார். அதனால் வெப்பமண்டலக் கடல் பனியுகத்தில் 6 டிகிரி போலக் குளிர்ந்ததாகக் கணக்கு வந்தது. 1967-இல் கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் ஷாக்கில்டன் மறுத்தார். அவர் மறுத்த விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். மேல்பரப்பில் வாழ்ந்த ஓட்டை விட்டுவிட்டு, கடலடியில் வாழ்ந்த ஓட்டைப் பாருங்கள் என்றார். அதிலும் ஏறக்குறைய அதே அளவு மாற்றம். ஆனால் ஆழ்கடல் இன்றைக்கே உறைநிலையிலிருந்து ஓரிரு டிகிரிதான் மேலே இருக்கிறது. அது இன்னும் 6 டிகிரி குளிர எங்கே இடம்? உறைந்தல்லவா போயிருக்கும்? ஆகவே மாற்றத்தில் பெரும்பங்கு பனியின் கணக்கு. அவர் நல்ல கிளாரினெட் வாசிப்பாளரும்கூட. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

அப்புறம் வெப்பநிலைக்குத் தனிச் சாட்சி கிடைத்தது. ஓட்டில் கால்சியத்துக்கு இடையில் கொஞ்சம் மக்னீசியமும் புகுந்திருக்கும். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் அதன் விகிதம் சுமார் 9 சதவீதம் ஏறும். ஒரே வகை ஓட்டில் இரண்டையும் அளந்து, மக்னீசியம் சொல்லும் வெப்பத்தை ஆக்சிஜன் கணக்கிலிருந்து கழித்தால் மிச்சம் தண்ணீரின் கதை. இப்படியெல்லாம் சரிபார்த்ததில் 20,000 ஆண்டுகளுக்கு முன் வெப்பமண்டலக் கடலின் மேல்பரப்பு இன்றைவிட 2, 3 டிகிரி குளிர்ந்திருந்தது என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். எமிலியானியின் 6 குறைந்துவிட்டது. ஊகமாக இருந்தால் குறைந்திருக்காது ஐயா, முதலில் சொன்னவர் பேச்சே கடைசிவரை நிலைத்திருக்கும்.

வயதை எப்படி நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுமார் 50,000 ஆண்டு வரை ஓட்டிலேயே கார்பன் 14 பார்க்கலாம், உயிர் செத்தபின் காலம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் கார்பன் வகை அது. அதற்கும் கீழே வேறு அடையாளங்கள் தேட வேண்டும். சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறின. சேற்றில் உள்ள காந்தத் துகள்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். எனக்குப் பிடித்த அடையாளம் தோபா. சுமத்ராவில் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை. அதன் சாம்பல் வங்கக்கடல் கோர்களில் வெளிறிய பட்டையாகத் தெரியும். நம் தீபகற்பத்தின் ஆற்றுப் படுகைகளிலும் அதே சாம்பல் கிடைக்கிறது. பரீட்சைத்தாளில் தேதி முத்திரை குத்தியது போல.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடலடியில் புழுக்கள் உண்டு. மேலே உள்ள பத்து சென்டிமீட்டர் வரைக்கும் உழுதுவிடும். ஆயிரம் வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் சேரும் இடத்தில் புழு உழுதால் ஐந்தாயிரம் வருஷம் குழம்பிவிடும். ஆகவே அங்கே போய், இந்த நூற்றாண்டில் இப்படி என்று சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். நாலரை, ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு ஓடே கரைந்துவிடும், படிப்பதற்கு ஏடே இல்லை. ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் வேகமாக வண்டல் சேரும், காலம் நுணுக்கமாகத் தெரியும், ஆனால் பழங்காலத்துக்குப் போக மைல்கணக்கில் துளைக்க வேண்டும்.

மனிதக் குறை வேறு. ஒரு மே மாதம், மின்சாரம் போன நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுக்கினேன். மூன்று வாரத்து வேலை, ஒரே வகை ஓடு, கார்பன் 14-க்கு அனுப்பச் சில நூறு சேர்த்துவைத்திருந்தேன். மூடி போடாத தட்டு. திடீரென்று மின்சாரம் வந்தது. மின்விசிறி சுவிட்ச் போட்டபடி இருந்திருக்கிறது. முன்பு போட்டது நான்தான். அரை நொடியில் பனியுகம் மொத்தமும் தரையில். எங்கள் மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் ஒரு புதுக் கோர்த்துண்டு என் மேஜையில் இருந்தது. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

*

பனியுகத்தில் நம் ஆட்கள் இராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்க முடியுமா?
— ஒரு வாசகர், இராமநாதபுரம்

தண்ணீரைப் பொறுத்தவரை தாராளமாக. 20,000 ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு தண்ணீர் பனியாகக் கரையில் தேங்கியதால் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. பாக் நீரிணையிலும் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டுப் பக்கமும் நிறைய இடம் பத்துப் பதினைந்து மீட்டர்கூட ஆழமில்லை. அதாவது அங்கே கடலே இல்லை, வெட்டவெளி. உங்கள் ஊர் அன்றைக்குக் கடற்கரை ஊர் இல்லை. நடந்தார்களா என்று கேட்டால், அதற்கு என் ஓடுகள் சாட்சி சொல்லாது. கால்தடம் தேடுகிறவர்களைக் கேளுங்கள்.

*

நான் மானாவாரி விவசாயி. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் எங்கள் கண்மாய்க்கு உயிர். இந்தச் சேறு மழையைப் பற்றி ஏதாவது சொல்லுமா?
— உசிலம்பட்டியிலிருந்து

சொல்லும் அண்ணே, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற விதத்தில் இல்லை. உங்கள் கால்வாய்க்கு வைகை அணை நிரம்ப வேண்டும். அணைக்கு மழைநீர் மட்டும் போதாது, தேக்கடிப் பக்கமிருந்து சுரங்கம் வழியாகப் பெரியாற்றுத் தண்ணீர் வர வேண்டும். பெரியாறு நிரம்புவது முக்கியமாகத் தென்மேற்குப் பருவத்தில். அந்தத் தென்மேற்குக் காற்றின் பழங்கணக்கு எங்கே எழுதியிருக்கிறது தெரியுமா? ஓமான் நாட்டுக் கரைக்கு அப்பால், அரபிக்கடலின் அடியில்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று ஓமான் கரையை ஒட்டி அடிக்கும்போது மேல்பரப்புத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்பக் கீழே இருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வரும். சத்து வந்தால் பாசி பெருகும், மீன் பெருகும். குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற ஃபோராமும் பெருகும். பொதுவாகக் குளிர்நீரில் வாழும் இந்த வகை வெப்பமண்டலத்தில் இப்படிக் குவிந்து கிடந்தால் அதற்குக் காற்றுதான் காரணம். ஆகவே ஒரு சென்டிமீட்டர் சேற்றில் நூற்றுக்கு எத்தனை புல்லாய்டஸ் என்று எண்ணினால், அந்தக் காலத்துத் தென்மேற்குக் காற்றின் பலம் தெரியும். நான் எண்ணிய ஓடுகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வகைக்காக எண்ணியதுதான். கரக்பூர் ஐஐடியின் அனில் குப்தாவும் அமெரிக்க நண்பர்கள் இருவரும் இதை வைத்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை, கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் இந்தக் காற்று திடீர் திடீரென்று தளர்ந்திருக்கிறது என்று காட்டியது. வட அட்லாண்டிக் குளிர்ந்த சமயங்களோடு அந்தத் தளர்வுகள் பொருந்தின. எங்கோ ஐஸ்லாந்துப் பக்கம் குளிர்ந்தால் இங்கே காற்று சோர்கிறது.

மொத்தத்தில், பனியுகத்தில் தென்மேற்குப் பருவம் பலவீனம். பிறகு 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்புவரை நல்ல பலம், ஏனென்றால் அப்போது வட அரைக்கோளத்துக்குக் கோடையில் வெயில் அதிகம். பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் மெல்ல மாறுவதால் வருவது இது. அந்தத் தாளம் 1 லட்சம், 41,000, 23,000 ஆண்டு என்று கடல் சேற்றில் பதிந்திருப்பதை 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கில்டன் மூவரும் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது நம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிச் சேறு.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். ஓமானில் காற்று பலமாக அடித்தது என்பதும் உசிலம்பட்டியில் மழை பெய்தது என்பதும் ஒன்றல்ல. நாம் மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் இருக்கிறோம். நமக்கு நேரடி மழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து. அதற்கு வங்கக்கடல் கோர்தான் பார்க்க வேண்டும். அங்கே ஆறுகள் கொட்டும் நன்னீரால் மேல்பரப்பின் உப்பு குறையும், ஓட்டின் ஆக்சிஜன் கணக்கும் மாறும். ஆனால் அந்த நன்னீரில் பெரும்பங்கு கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவருவது. வைகை கடலுக்கு என்ன கொண்டுபோகிறது என்று உங்களுக்குத் தெரியும், இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வருஷம் 58 கால்வாயில் தண்ணீர் வருமா என்று கேட்டால் சேறு கையை விரித்துவிடும். அது ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வாய் திறக்கிற ஆசாமி.

*

எனக்கும் ஃபோராம் பார்க்க ஆசை. கப்பல் இல்லாமல் பார்க்கலாமா?
— ஏழாம் வகுப்பு மாணவன், வாடிப்பட்டி

பார்க்கலாம் தம்பி. அடுத்த தடவை வீட்டில் இராமேஸ்வரம் போகும்போது, மண்டபம் பக்கம் பொதுக் கடற்கரையில் அலை விட்டுப்போன கோட்டிலிருந்து ஒரு கைப்பிடி மணல் மட்டும் எடு. பவளம், சங்கு எதையும் பொறுக்காதே. தீவுகள் பக்கம் போகாதே, அது காப்புப் பகுதி. வீட்டில் நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, வெயிலில் காயவை. கறுப்புத் தாளில் மெல்லிசாகப் பரப்பு. பத்து மடங்கு காட்டும் நகைக்கடை லென்ஸ் போதும், பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது. மணல் கண்ணாடி மாதிரி மின்னும். அதற்கு நடுவில் பால்வெள்ளையாய், சின்னப் பூண்டுப்பல் மாதிரி ஒன்று இருந்தால் அது குவின்குவிலோகுலினா. நத்தை மாதிரி சுருண்டிருந்தால் அம்மோனியாவாக இருக்கலாம். நத்தைக்குஞ்சும் அப்படி இருக்கும், ஏமாறாதே. ஃபோராமுக்கு உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருக்கும், நத்தைக்குக் கிடையாது. சந்தேகமான ஒன்றின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடு. நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் வெறும் மணல். ஆனால் நுரைத்ததைத் திரும்பப் பார்க்க முடியாது, அதனால் ஒன்றே ஒன்றைத்தான் பலி கொடுக்க வேண்டும்.

பார்த்ததைப் போட்டோ எடுத்து அனுப்பாதே, பென்சிலால் வரைந்து அனுப்பு. வரைந்தால்தான் எத்தனை அறை என்று எண்ணுவாய். உட்காருவதற்கு முன்னால் மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொள்.